விட்டுப்போன எஸ்

தாய்லாந்துன்னு நான் சொன்னதும் உங்க உதட்டோரத்துல ஒரு சிரிப்பு வந்துச்சே, அது எனக்குப் பழகிப்போச்சு சார். கோவில்பட்டியில எனக்கு முடி வெட்டுறவர்ல இருந்து சொந்த மச்சினன் வரைக்கும் அப்படித்தான் சிரிக்கிறாங்க. ஒரு கண்ணைச் சின்னதாக்கிக்கிட்டு, அங்க என்ன வேலைன்னு கேப்பாங்க. இங்கிலீஷ் வாத்தியார்னு சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பினாங்கன்னா அவங்களுக்கு ஏமாத்தமாப் போயிரும். உண்மையில வாத்தியார்கூட இல்ல சார், டீச்சிங் அசிஸ்டென்ட். இதை நான் ஊருல யாருகிட்டயும் சொல்றதில்ல. நீங்க திண்டுக்கல்லுல இறங்கிருவீங்க, உங்ககிட்ட சொல்றதுல எனக்கு நட்டமில்ல.

எம்பேரு அய்யலுசாமி. பதினாலு வருசம் கோவில்பட்டியில ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்தேன். கிராமர்ல நான் புலி. இதை நானே சொல்லக் கூடாது, ஆனா வேற யாரும் சொல்லாததால நாந்தான் சொல்ல வேண்டியிருக்கு. எங்கிட்டப் படிச்ச பையன் பரீட்சையில நூத்துக்குத் தொண்ணூறு எடுப்பான். வெளிய வந்து ஒரு வெள்ளைக்காரர் பஸ் ஸ்டாண்ட் எங்கன்னு கேட்டா ஓடிப்போயிருவான். அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்ப எனக்குத் தோணல.

ஒரு ஜூன் மாசம் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, இந்த வருசத்துல இருந்து வேன் டியூட்டியும் நீங்கதான்னார். ஏழு வேன். எந்தப் புள்ள எந்த வேன்ல ஏறுதுன்னு பாத்து விசில் ஊதணும். சீனியர் இங்கிலீஷ் ஆசிரியர் சார் நான், கழுத்துல விசில். அந்தக் கோவத்துல நெட்டுல ஒரு விளம்பரத்தைப் பாத்து மனுப் போட்டேன். வீடியோவுல இன்டர்வியூ வச்சாங்க. ரெண்டே கேள்வி. உடம்பு நல்லாருக்கா, புள்ளைங்களோட விளையாடுவீங்களா. நான் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸைப் பத்திப் பத்து நிமிசம் பேசினேன். அந்தப் பக்கம் ஓகே, ஓகேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அசந்துட்டாங்கன்னு நினைச்சேன்.

என் வீட்டுக்காரி பேரு சண்முகக்கனி. தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர். "விசில் ஊதக் கூச்சப்பட்டுக் கடல் தாண்டுன மொத ஆளு நீங்கதான்"னு சொல்லித்தான் பெட்டி கட்டிக் குடுத்தா.

பாங்காக்குல இருந்து வடகிழக்குப் பக்கமா எட்டு மணி நேரம் பஸ்ஸு. சின்ன ஊரு. பஸ் ஸ்டாண்டுல எம்பேரைத் தப்பும் தவறுமா எழுதின அட்டையப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா ஸ்கூட்டர்ல நின்னாங்க. என் வயசுதான் இருக்கும், நாப்பது. அவங்கதான் மாலி. அந்த ஸ்கூல்ல இங்கிலீஷ் ஆசிரியை. நான் அவங்களுக்குத்தான் அசிஸ்டென்ட். மாலின்னா மல்லிகைன்னு அர்த்தமாம். என்னைப் பாத்ததும் கையைக் கூப்பி, "யூ ஹங்க்ரி? யூ டயர்ட்? ஃபர்ஸ்ட் ஈட், ஆஃப்டர் ஸ்லீப்"னாங்க. பதினாறு மணி நேரம் பயணம் பண்ணி வந்தவனுக்கு அதைவிட நல்ல வார்த்தை உண்டா சார்? எனக்கு என்ன தோணுச்சுன்னா, மூணு வாக்கியம், ஒண்ணுலகூட இலக்கணம் இல்ல. இவங்களுக்குக் கீழயா நாம வேலை பாக்கப்போறோம்னு பக்குனு ஆயிருச்சு.

மறுநாள் வகுப்புக்குள்ள போனேன். நாப்பது புள்ளைங்க, பதினாலு வயசு, முக்கால்வாசி பொம்பளப் புள்ளைங்க. எம்பேரு நீளம், சும்மா சாமின்னு கூப்பிடுங்கன்னு கம்பீரமாச் சொன்னேன். பெஞ்செல்லாம் குலுங்குது. மாலி புஸ்தகத்தை வச்சு வாயை மறைச்சுக்கிட்டாங்க. வெளிய வந்த பெறவுதான் சொன்னாங்க, தாய்லாந்துப் பாஷையில சாமின்னா புருசன். நாப்பது புள்ளைங்ககிட்ட முதல் நாளே என்னைப் புருசான்னு கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கேன். சரி, முன்பாதிய வச்சுக்கலாம், அய்யின்னு கூப்பிடட்டும்னேன். அதுவும் வேணாம்னாங்க. பேருக்கு முன்னால அதைப் போட்டா நம்ம 'அடேய்' மாதிரி, வசவு. ஆக முன்பாதி வசவு, பின்பாதி புருசன். சண்முகக்கனிகிட்ட போன்ல சொன்னேன். ரெண்டும் பொருத்தமாத்தான இருக்குன்னுட்டா. கடைசியில நடுவுல மிஞ்சின எழுத்துதான் எம்பேராச்சு. க்ரூ லூ. க்ரூன்னா நம்ம குருதான். லூன்னா நான்.

என்னை அங்க குடி வச்சதே மாலிதான் சார். துணி துவைக்கிற கடைக்கு மேல ஒரு ரூம் பாத்துக் குடுத்தாங்க. தன் வீட்டு ரைஸ் குக்கரைத் தூக்கிட்டு வந்தாங்க. பேங்க்ல கணக்குத் திறக்க அரை நாள் கூடவே நின்னாங்க. பப்பாளிக்காயைச் சீவி, இடிச்சு ஒரு சாலட் பண்ணுவாங்க அந்தப் பக்கம். கடைக்காரம்மா எத்தனை மிளகாய்னு கேட்டா. நான் கோவில்பட்டிக்காரன், எனக்கு என்ன பயம்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். ரெண்டு வாயிதான் தின்னேன். கண்ணு, மூக்கு, காது எல்லாத்துலயும் தண்ணி. மாலிதான் ஓடிப்போய் பால் வாங்கிட்டு வந்து, "நெக்ஸ்ட் டைம் டூ சில்லி. ஒன்லி டூ"ன்னாங்க.

அவங்க இம்புட்டும் செஞ்சுக்கிட்டு இருக்கையில நான் என்ன செஞ்சேன் தெரியுமா சார்? ஒரு நோட்டு போட்டு அவங்க இங்கிலீஷ்ல உள்ள தப்பையெல்லாம் எழுதி வச்சேன். தேதி போட்டு. ரைஸ் குக்கர் வந்த தேதியில மட்டும் ஆறு தப்பு.

அவங்க வகுப்பு எப்படி இருக்கும்னா, மீன் மார்க்கெட்டுதான். உள்ள வரும்போதே, "டுடே ஐ வெரி ஆங்க்ரி. மை டாக் ஈட் மை ஷூ"ம்பாங்க. எந்தக் காலுச் செருப்புன்னு ஒருத்தன் கேப்பான். நாயை வித்துருங்கம்பா ஒருத்தி. நாய் பேரு என்ன, வயசு என்ன, செருப்பு என்ன கலர். அம்புட்டும் இங்கிலீஷ், அம்புட்டும் தப்பு. ஃபான்னு ஒரு புள்ள இருந்துச்சு. ஃபான்னா வானம். அவங்க அப்பா கடை கடையா ஐஸ் கட்டி கொண்டுபோய்ப் போடுற வண்டி ஓட்டுறாரு. "மை ஃபாதர் டிரைவ் ஐஸ்"னு அந்தப் புள்ள ஆரம்பிச்சா மணி அடிச்சாலும் நிறுத்தாது. நான் ஓரத்துல ஒரு நாற்காலியில உக்காந்து, மாலி கை காட்டினா எந்திரிச்சு மாம்பழப் படத்தைத் தூக்கிக் காட்டி மேங்கோன்னு சொல்லணும். பெறவு உக்காரணும். எம்.ஏ., எம்.எட். சார் நான். பழ வண்டிக்காரன் மாதிரி நின்னேன்.

இப்ப நீங்க என்ன கேட்டீங்க, எப்ப ரிட்டர்ன் பேக்குனா? ரிட்டர்ன்னாலே திரும்பி வாரதுதான் சார், அதுல பேக் தேவையில்ல. விடுங்க. இந்தப் புத்தி போக மாட்டேங்குது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள், "டுமாரோ இம்பார்ட்டன்ட் ஃபார் யூ. வேர் டை"ன்னாங்க மாலி. மறுநாள் எங்க வகுப்பைப் பாக்க மாவட்ட அதிகாரி ஒருத்தர் வாராரு, பெத்தவங்க பத்துப் பேரு வாராங்க. சரிதான், என் டீச்சிங்கப் பாக்கத்தான் வாராங்கன்னு டையை இழுத்துக் கட்டிட்டுப் போனேன். எல்லாரும் பின்னால வரிசையா உக்காந்திருக்காங்க. மாலி புதுச் சட்டை போட்டிருக்காங்க. வாய்க்குள்ள என்னமோ சொல்லிச் சொல்லிப் பாக்குறாங்க. என்னைக் காட்டி இங்கிலீஷ்ல சொல்றாங்க: "திஸ் இஸ் க்ரூ லூ. ஹீ கம் ஃப்ரம் இந்தியா. வெரி ஃபார். ஹீ மிஸ் ஹிஸ் ஹவுஸ். ஹீ மிஸ் ஹிஸ் வைஃப். பட் எவ்ரி டே ஹீ ஸ்மைல்."

நான் எந்திரிச்சேன் சார். "கம்ஸ்"னேன். "மிஸ்ஸஸ். ஸ்மைல்ஸ். தேர்ட் பெர்சன் சிங்குலர். எஸ் வரணும்." அதோட விட்டேனா? அவங்க கையில இருந்த சாக்பீஸை வாங்கி போர்டுல பெருசா ஒரு எஸ் போட்டு, அதைச் சுத்தி ஒரு வட்டமும் போட்டேன். மனசறிஞ்சு செய்யல. பதினாலு வருசமாச் செஞ்ச கை, அதுவாச் செஞ்சிருச்சு.

அதிகாரி என்னமோ எழுதுறாரு. மாலி அந்த எஸ்ஸையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. பெறவு என்னைப் பாத்துக் கை கூப்பி, "தேங்க் யூ, க்ரூ லூ"ன்னாங்க. மிச்சப் பாடத்தைத் தாய் பாஷையில முடிச்சுட்டாங்க.

நான் அதைப் பெரிய வெற்றின்னு நினைச்சு சாயங்காலமே சண்முகக்கனிக்குப் போன் பண்ணினேன். பூராத்தையும் கேட்டா. அந்தம்மா சொன்னது அங்க உக்காந்திருந்தவங்களுக்குப் புரிஞ்சுச்சான்னு கேட்டா. புரிஞ்சதுன்னேன். புள்ளைங்களுக்கு? அதுகளுக்கும் புரிஞ்சது. உங்களுக்கு? எனக்கும்தான்.

"அப்ப அந்த எஸ்ஸு யாருக்கு வேணும்?"னு கேட்டா.

நெட்வொர்க் சரியில்லைன்னு சொல்லி வச்சுட்டேன். நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்குப் பெறவு மாலி வகுப்புல இங்கிலீஷ் பேசல. எங்கிட்ட சாக்பீஸைக் குடுத்துட்டு, யூ டீச்னு சொல்லிட்டு அந்த ஓரத்து நாற்காலியில போய் உக்காந்துக்கிட்டாங்க. கோவமெல்லாம் காட்டல. காலையில வணக்கம், மதியம் சாப்பிட்டீங்களான்னு தலையசைப்பு, அம்புட்டுதான். நானும் எடுத்தேன். ஒரு மாசம் சப்ஜெக்ட், வெர்ப், அக்ரிமென்ட். அம்சமான பாடம். ஒவ்வொரு நோட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஒரு வாய் திறக்கல. ஒரு நாள் ஃபாவைக் கூப்பிட்டு, உங்க அப்பா என்ன வேலை செய்றார்னு கேட்டேன். அந்தப் புள்ள டெஸ்கைப் பாக்குது. உதடு மட்டும் அசையுது. எஸ் போடணுமா, போடக் கூடாதான்னு வாய்க்குள்ளயே வாக்கியத்தைத் திருத்திக்கிட்டு நிக்குது. கடைசியில "சாரி, டீச்சர்"னு உக்காந்துருச்சு.

அந்த முகம் எனக்குத் தெரியும் சார். கோவில்பட்டியில பதினாலு வருசம் பாத்த முகம் அது. அதுக்குப் பேரு ஒழுக்கம்னு நினைச்சிருந்தேன்.

சரி, மாலிகிட்ட மன்னிப்புக் கேட்டுருவோம்னு முடிவு பண்ணினேன். எப்படிக் கேட்டேன்? இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் கடிதம். ஒரு கமா தப்பிருக்காது. 'இன்அட்வர்ட்டன்ட்லி'ன்னு ஒரு வார்த்தை போட்டேன், தெரியாம நடந்துபோச்சுன்னு. மறுநாள் கடிதத்தை மேசையில வச்சு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொட்டுக் காட்டி, "டிக்ஷனரி. த்ரீ டைம்"னாங்க. சொல்லிட்டு வகுப்புக்குப் போயிட்டாங்க.

ஆபீஸ்ல பிம்னு ஒரு கிளார்க் இருந்தா. சிங்கப்பூர்ல ஹோட்டல்ல வேலை பாத்தவ, இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. லீவு பாரம் வாங்கப் போன அன்னைக்கு, நல்லவேளை உங்க வேலை தப்பிச்சதுன்னு பேச்சோட பேச்சாச் சொன்னா. எந்த வேலை, யாருக்கு ஆபத்துன்னு கேட்டேன். எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டா பாவம். தெரியாதுன்னதும் கதவைச் சாத்திட்டு வந்து சொன்னா.

நான் வந்த மாசமே பெத்தவங்க மூணு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. வெளிநாட்டு டீச்சர்னு சொல்லிட்டு ஒரு கருத்த இந்தியரைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க, எங்களுக்கு வெள்ளைக்காரர்தான் வேணும்னு. ஹெட்மாஸ்டர் என்னை ஆகஸ்டோட அனுப்பிரலாம்னு இருந்திருக்காரு. மாலிதான் தடுத்து, ஒரு வகுப்பு வந்து பாருங்க, பெறவு முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த மூணு பேரு வீட்டுக்கும் ஸ்கூட்டர்ல போய்க் கூப்பிட்டிருக்காங்க. அன்னைக்குப் பேசுனாங்க பாருங்க, வெரி ஃபார், மிஸ் ஹிஸ் வைஃப், எவ்ரி டே ஸ்மைல். அது அவங்களுக்காகச் சொன்னது. வெளியாளுங்க முன்னால மாலி அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் பேசினதே இல்லையாம். ஒரு வாரம் பிம்மை எதிர்ல உக்கார வச்சுச் சொல்லிச் சொல்லிப் பாத்திருக்காங்க.

அதோட முடியல சார். அதிகாரி எழுதினாரே, என்ன எழுதினாராம்? இந்திய உதவி ஆசிரியர் இலக்கணத்துல கறார், அவசியம் வச்சுக்கணும். வகுப்பு ஆசிரியைக்கு ஆங்கிலப் பயிற்சி தேவை. என் வேலை எதால தப்பிச்சுதுன்னு புரியுதா? எனக்காகப் பேச வந்தவங்க தலையில கால வச்சு நான் மேல ஏறியிருக்கேன். டை கட்டிக்கிட்டு.

பிம் பாரத்தை நீட்டுறா. எனக்கு அதுல எம்பேரை எழுத வரல.

அடுத்த சனிக்கிழமையில இருந்து மாலிக்குப் பயிற்சி. ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போகணும், ஆறு வாரம். ஹெட்மாஸ்டர்கிட்டப் போய் அதை நிறுத்துங்கன்னு கேட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நல்லாச் சிரிச்சாரு. பிம்மைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வச்சேன். மேலிடத்து உத்தரவு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. அதனால நானும் கூடவே பஸ்ஸுல போனேன். மாலி ஒண்ணும் கேக்கல, வேணாம்னும் சொல்லல. சன்னல் பக்கத்துல உக்காந்து வெளிய பாத்துக்கிட்டே வருவாங்க. அங்க ஒரு ஆளு மைக்கைப் பிடிச்சு மூணு மணி நேரம் டென்ஸ் எடுத்தாரு. கேக்கக் கேக்க எனக்கே தலை சுத்துச்சு. என்னை மாதிரியே எடுத்தாரு சார்.

அங்க தினமும் காலையில எட்டு மணிக்குக் கொடியேத்துவாங்க. வெள்ளிக்கிழமை யாராவது ஒரு ஆசிரியர் நாலு வார்த்தை பேசணும். ஒரு வெள்ளிக்கிழமையை எனக்குக் கேட்டு வாங்கினேன். தாய் பாஷையிலதான் பேசுவேன்னு சொன்னேன். எனக்கு அதுல அதுவரைக்கும் சாப்பாடு, பஸ்ஸு, கழிப்பறை, இம்புட்டுதான் தெரியும். பிம் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டேன். அந்தப் பாஷையில ஒரே சத்தத்தை மேல இழுத்தா ஒரு அர்த்தம், தட்டையா விட்டா ஒரு அர்த்தம். நம்ம எழுத்து இருநூத்து நாப்பத்தேழு இருந்தும் அந்த இழுப்புக்கு ஒரு எழுத்துக்கூட இல்ல. இருக்கட்டும், நமக்குக் காது இருக்கேன்னு நினைச்சேன். எனக்குக் காதும் இல்லைன்னு பெறவுதான் தெரிஞ்சுச்சு.

அறுநூறு புள்ளைங்க வரிசையா நிக்குது. மைக்கைப் பிடிச்சேன். க்ரூ மாலி புள்ளைங்களைப் பேச வச்சாங்க, நான் வந்து ஊமையாக்கிட்டேன், தப்பு என் பேர்லன்னு சொன்னேன். க்ரூ மாலி அழகான மனசு உள்ளவங்க, அவங்க இருக்கிறதால இந்தப் பள்ளிக்கூடமே அழகா இருக்குன்னு முடிச்சேன். முடிக்கிற இடத்துல கூட்டத்துல ஒரு அலை மாதிரி சத்தம் வந்துச்சு. நெகிழ்ந்துட்டாங்கன்னு நினைச்சேன். ஆசிரியர் வரிசையில மாலி தலையைக் குனிஞ்சு நிக்கிறாங்க, தோள் குலுங்குது. அழுறாங்கன்னு நினைச்சு நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். பெறவு எல்லாரும் கை தட்டினாங்க. இறங்கி வந்து, ஏதும் தப்பாச் சொல்லிட்டேனான்னு மாலிகிட்ட கேட்டேன்.

"நோ. ஐ அண்டர்ஸ்டாண்ட் எவ்ரிதிங்"னாங்க.

ரெண்டு மாசத்துல அவங்க எங்கிட்ட முழுசாப் பேசின முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான்.

எனக்குத் தலைகால் புரியல. தாய் பாஷை வசமாயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுலயும் 'சுவாய்'னு ஒரு வார்த்தை, அழகுன்னு அர்த்தம். மூணு வாரம் அதை ஊரு பூராவும் இறைச்சேன். துணி துவைக்கிற கடைக்காரர் புது ஸ்கூட்டர் வாங்கினாரு, தட்டிக் குடுத்து சுவாய்னேன். ஹெட்மாஸ்டர் மக கல்யாணப் போட்டோவைக் காட்டினாரு, சுவாய்னேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கை கூப்பினாங்க. மறுநாள் பாத்தா அந்த ஸ்கூட்டர்ல மாலையும் தாயத்தும் தொங்குது. பக்தியான ஊருன்னு நினைச்சேன்.

அப்பத்தான் ஒரு நாள் வகுப்புல ஒரு பூப் படத்தைத் தூக்கிக் காட்டி சுவாய்னு சொன்னேன். ஃபா எந்திரிச்சுருச்சு.

"க்ரூ லூ, யூ ஸ்பீக் ராங்."

ஓரத்து நாற்காலியில இருந்து மாலி அந்தப் புள்ளைய அதட்டினாங்க. அது உக்காரல. "ஐ சாரி, க்ரூ மாலி. பட் ஹீ ஸ்பீக் ராங் த்ரீ வீக். ஹீ சே மை ஃபாதர் ஐஸ் கார் நோ லக்கி. மை ஃபாதர் வெரி சேட். ஹீ கோ டெம்பிள், வாஷ் கார் வித் ஹோலி வாட்டர்"னு சொல்லிட்டுத்தான் மூச்சே விட்டுச்சு.

அதுல எத்தனை தப்புன்னு நான் எண்ணல சார். சத்தியமா எண்ணல. ஏழு.

விசயம் என்னன்னா, சுவாயை மேல இழுத்துச் சொன்னாத்தான் அழகு. தட்டையாச் சொன்னா தரித்திரம் பிடிச்சதுன்னு அர்த்தம். பாருங்க, புது ஸ்கூட்டரைத் தட்டிக்குடுத்து விளங்காத வண்டின்னு சொல்லியிருக்கேன். கல்யாணப் பொண்ணை ராசி இல்லாதவன்னு அவங்க அப்பா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கேன். அறுநூறு புள்ளைங்க முன்னால மைக் வச்சு, க்ரூ மாலிக்குத் தரித்திரம் பிடிச்ச மனசு, அவங்க இருக்கிறதாலதான் இந்தப் பள்ளிக்கூடம் விளங்காமப் போச்சுன்னு மன்னிப்புக் கேட்டிருக்கேன்.

அதைக் கேட்டுட்டுத்தான் சார் அந்தம்மா சொன்னாங்க, எல்லாம் புரிஞ்சதுன்னு. ஒரு திருத்தம் சொல்லல. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அன்னைக்கு வகுப்பு பூராவும் எந்திரிச்சு எனக்குப் பாடம் எடுத்துச்சு. அப், டீச்சர், அப்புன்னு கையைத் தூக்கிக் காட்டுறாங்க. நான் இழுத்தா அது வேற எங்கயோ போகுது, எப்பவும் போல ஐயோன்னு நெத்தியில அடிச்சுக்கிறேன். ஒருத்தன் ராக்கெட் மாதிரின்னான். ஒருத்தி, இல்ல, கேள்வி கேக்கிற பூனை மாதிரின்னா. அம்புட்டும் இங்கிலீஷ்ல. யாரும் வாய்க்குள்ள வச்சுத் திருத்திப் பாக்கல, அவசரம் அப்படி, வாத்தியாரைக் காப்பாத்தணும். மாலி சிரிச்சுச் சிரிச்சு எந்திரிக்க முடியாம மேசையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெறவு வந்து எங் கையில இருந்த சாக்பீஸை வாங்கிக்கிட்டு, "ஓகே. டுடே க்ரூ லூ ஸ்டூடன்ட். சிட்"னு என்னை ஓரத்து நாற்காலிக்கு அனுப்புனாங்க. அன்னையில இருந்து அந்த நாற்காலி எனக்குத்தான். மாம்பழப் படம் எங்கிட்டதான் இருக்கு.

ஜனவரியில மாகாணம் பூராவுக்கும் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. ஃபாவை அனுப்பினோம். நான் ஒரு உரை எழுதிக் குடுத்தேன், சுற்றுச்சூழலைப் பத்தி. மாலி படிச்சுப் பாத்துட்டு, இதை நீங்களே போய்ப் பேசுங்கன்னுட்டாங்க. ரெண்டு வாரம் எங்களுக்குள்ள சண்டை. கடைசியில அந்தப் புள்ள ஐஸைப் பத்தியே பேசட்டும்னு முடிவாச்சு. பெரிய மண்டபம். நடுவர்கள் மூணு பேரு, அதுல ஒருத்தர் வெள்ளைக்காரர். நானும் மாலியும் நாலாவது வரிசை.

நல்லாத்தான் பேசுச்சு. அப்பா விடியும் முன்ன எந்திரிக்கிறது, ஐஸை உமி போட்டு மூடுறது, கடைசிக் கடைக்குப் போறதுக்குள்ள பாதி உருகிப்போறது, எல்லாம் சொல்லுச்சு. திடீர்னு நின்னுருச்சு. மறந்துபோச்சு. அந்தப் புள்ள நெத்தியில பட்டுனு அடிச்சுக்கிட்டு, மைக்குலயே "ஐயோ"ன்னுச்சு. நம்ம ஐயோதான் சார், அதே இழுவை. "ஐயோ... ஒன் மினிட்"னு சொல்லிட்டு, கண்ணை மூடி யோசிச்சு, விட்ட இடத்துல பிடிச்சு முடிச்சுருச்சு. மூணாவது பரிசு.

பரிசு குடுக்கையில அந்த வெள்ளைக்காரர் குனிஞ்சு, நடுவுல என்னமோ அழகா ஒரு வார்த்தை சொன்னியே, அது உங்க ஊர் வார்த்தையான்னு கேட்டாரு.

ஃபா இல்லைன்னு தலையாட்டுச்சு. "நோ, சார். இங்கிலீஷ்."

"இங்கிலீஷா?"ன்னாரு அவரு.

"யெஸ், சார். குட் இங்கிலீஷ். மை டீச்சர் ஸ்பீக் எவ்ரி டே."

நான் எந்திரிச்சேன். அடுத்த நொடி மாலி என் சட்டையைப் பின்னால பிடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. "சிட், க்ரூ லூ"ன்னு காதுகிட்ட சொன்னாங்க. "டோன்ட் கரெக்ட்."

கை தட்டத்தான் சார் எந்திரிச்சேன். சத்தியமாக் கை தட்டத்தான். அந்தப் புள்ள மேடையை விட்டு இறங்குற வரைக்கும் மாலி என் சட்டையை விடல. சண்முகக்கனிகிட்ட சொன்னேன், அவளும் நம்பல. நீங்க நம்புறீங்கல்ல?